எல்லோருக்கும் தெரிந்த பிழைகள் எந்த வழியாக நம்மை வந்தடைகின்றன?

வினாக்குறி எழுதியது:

நிலவிலிருந்து பார்த்தால் மனிதர் கட்டியவற்றுள் சீனப் பெருஞ்சுவர் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் என்ற செய்தியைக் கேள்விப்படாதவர் மிகக் குறைவு. அதை முதலில் சொன்னவர் யார் என்று கேட்டால், பெரும்பாலோரால் ஓர் ஆளையோ ஒரு நூலையோ சுட்டிக்காட்ட முடிவதில்லை. மனிதன் விண்வெளிக்குச் சென்றதே 1961இல்தான். ஆனால் வில்லியம் ஸ்டூக்லி என்ற ஆங்கிலேயத் தொல்பொருள் ஆர்வலர், அந்தச் சுவர் நிலவிலிருந்தும் புலப்படக்கூடும் என்று 1754ஆம் ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1932இல் ரிப்ளியின் விந்தைச் செய்திப் படத்தொடர் அதையே ஐயத்திற்கு இடமில்லாத உண்மையாக அச்சிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல ஒருவரும் இல்லாத காலத்தில், பார்த்தவர் சொன்னதுபோல அது உலகம் முழுவதும் பரவிவிட்டது.

இதை மறுக்க விண்கலம் தேவையில்லை, சிறு கணக்கே போதும். நம் கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய கோணம், ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. நிலவின் தொலைவான 3,84,000 கிலோமீட்டரில் அந்தக் கோணத்திற்குள் சுமார் 110 கிலோமீட்டர் அகலம் அடங்கிவிடும். சுவரின் அகலமோ சில மீட்டர்கள். மெல்லிய நீண்ட கோடுகளைக் கண் இந்த வரம்பைத் தாண்டியும் ஓரளவு உணரும் என்பது உண்மைதான் என்றாலும், பல்லாயிரம் மடங்கு தாண்ட முடியாது. 2003இல் சீனாவின் முதல் விண்வெளி வீரரான யாங் லிவே, நிலவைவிட மிக அருகிலிருந்து பூமியைச் சுற்றிவிட்டு வந்து, தமக்குச் சுவர் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகும் நம்பிக்கை மறையவில்லை.

என் கேள்வி இதுதான். உண்மையைவிடப் பொய் விரைவாகப் பரவுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையிலேயே பொய்க்கு விரைவு அதிகமா, அல்லது அதைத் தடுத்து நிறுத்த வழியில் எவரும் இல்லை என்பது மட்டும்தானா? இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

மாறிலி எழுதியது:

நல்ல கேள்வி. "பொய் விரைவாகப் பரவுகிறது" என்ற கூற்றுக்கு இன்று பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுவது, வொசூகி, ராய், ஆரல் ஆகிய மூவர் 2018இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பகிர்ந்த, ஏறத்தாழ 1,26,000 பரவல் தொடர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்றும், 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப்போல ஆறு மடங்கு காலம் ஆனது என்றும் கண்டார்கள். தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. ஆகவே பழி மனிதர்கள்மீதுதான்.

இந்த ஆய்வை எடுத்துக்காட்டுவோர் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, அதில் இடம்பெற்றவை உண்மை சரிபார்க்கும் அமைப்புகள் எடுத்துக்கொண்ட செய்திகள் மட்டுமே. எவரும் ஐயப்படாத சாதாரண உண்மைகள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. இரண்டாவது, 2021இல் யூல், உகாண்டர் ஆகிய இருவர் அதே தரவை மீண்டும் எடுத்து, ஒரே அளவுள்ள பரவல் தொடர்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். அப்படிச் செய்தபோது, உண்மையின் பரவலுக்கும் பொய்யின் பரவலுக்கும் வடிவத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட வேறுபாடுகள் மறைந்துவிட்டன. பொய்க்கென்று தனிப் பாதை கிடையாது. ஒவ்வொரு கையிலிருந்தும் அடுத்த கைக்கு மாறும் வாய்ப்பு அதற்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

பரவலைப் பற்றி ஒரு பழைய கணிதமும் உண்டு. டேலி, கெண்டல் ஆகியோர் 1964இல் வதந்திக்கு ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். மக்களை மூன்று பிரிவாகப் பிரிக்கிறார்கள்: கேள்விப்படாதவர், கேள்விப்பட்டுப் பிறருக்குச் சொல்பவர், கேள்விப்பட்டும் சொல்வதை நிறுத்திக்கொண்டவர். நோய்ப் பரவலிலிருந்து இது வேறுபடும் இடம் நுட்பமானது. நோயாளி காலப்போக்கில் தானாகக் குணமடைகிறார். வதந்தி சொல்பவரோ, தாம் சொல்லப்போன செய்தி எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று கண்டால்தான் ஆர்வமிழந்து நிறுத்துகிறார். எல்லோரும் எல்லோரையும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், மக்கள் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வதந்தி அடங்கும்போது சுமார் 20 விழுக்காட்டினர் அதைக் கேள்விப்படாமலேயே எஞ்சிவிடுகிறார்கள். இந்த மாதிரியில் செய்தி உண்மையா பொய்யா என்பதற்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். திருத்தத்திற்கும் இதே கதிதான் என்பதால், "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று சொல்பவர்கள் ஓய்ந்துவிடும்போதும் அதைக் கேள்விப்படாத ஒரு பெருங்கூட்டம் மீதமிருக்கிறது.

நூலடுக்கு எழுதியது:

வழியில் தடுத்து நிறுத்த எவரும் இல்லை என்று நண்பர் வினாக்குறி எழுதியிருக்கிறார். தடுத்து நிறுத்த வேண்டியவர்களே ஏற்றி அனுப்பிய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

பசலைக்கீரையில் இரும்புச்சத்து மிக அதிகம் என்பது பழைய நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் ஒருவர் தசமப்புள்ளியை இடம்மாற்றி எழுதியதால் அளவு பத்து மடங்காகிவிட்டது என்றும், 1930களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதைத் திருத்தினார்கள் என்றும், அதற்குள் பாப்பாய் என்ற படக்கதை நாயகன் கீரையைத் தின்று புகழ்பெற்றுவிட்டான் என்றும் ஒரு விளக்கம் உலவுகிறது. மூடநம்பிக்கையை எதிர்க்கும் கட்டுரைகளில் இதைக் காணாமல் இருப்பது அரிது. 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஹாம்ப்லின் என்பவர் எழுதிய கட்டுரை வழியாக இது பரவலானது. அக்கட்டுரையில் இந்தத் தசமப்புள்ளிக் கதைக்கு மூலச்சான்று எதுவும் தரப்படவில்லை. 2010இல் மைக் சட்டன் என்ற குற்றவியலாளர் தேடிப்பார்த்தபோது, தசமப்புள்ளி இடம்மாறியதற்கு ஆதாரம் எங்கும் கிடைக்கவில்லை. பாப்பாய்கூட 1932இல் வந்த ஒரு படக்கதையில் தான் கீரை தின்பது வைட்டமின் ஏ-வுக்காக என்றே சொல்கிறான், இரும்புக்காக அல்ல. 2014இல் ரெக்டால் என்ற நார்வே ஆய்வாளர், கல்வியாளர்களின் கவனக்குறைவைக் கண்டிக்கும் கட்டுரைகளே இந்தக் கதையைச் சரிபார்க்காமல் மேற்கோள் காட்டி வந்ததை விரிவாக எடுத்துக்காட்டினார். பிழையைத் திருத்துகிறோம் என்ற பெருமிதத்தோடு வந்த பிழை என்பதால், ஐயப்படும் பழக்கமுள்ளவர்களே இதை ஐயப்படவில்லை. இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, சற்று அச்சமும் வருகிறது.

மேற்கோள் எப்படி அதிகாரமாக மாறுகிறது என்பதைக் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 2009இல் அதே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அளந்து காட்டினார். ஒரு தசை நோயைப் பற்றிய குறிப்பிட்ட ஒரு கருத்தைச் சுற்றியிருந்த 242 ஆய்வுக்கட்டுரைகளையும், அவற்றுக்கிடையே இருந்த 675 மேற்கோள்களையும் வலையாக வரைந்தார். கருத்தை ஆதரித்த கட்டுரைகளுக்கே மேற்கோள்கள் திரும்பத் திரும்பப் போயின. ஐயத்தை எழுப்பிய தரவுகள் மறுக்கப்படவில்லை, வெறுமனே மேற்கோள் காட்டப்படாமல் விடப்பட்டன. முதலில் "இருக்கலாம்" என்று எழுதப்பட்டது, மூன்றாவது நான்காவது கை மாறும்போது "இருக்கிறது" என்று ஆகிவிட்டது.

இணைய காலத்தில் இந்தச் சுற்று இன்னும் குறுகிவிட்டது. 2008இல் ஒரு மாணவர் விளையாட்டாக, கோவாட்டி என்ற தென்னமெரிக்க விலங்குக்குப் "பிரேசில் ஆர்ட்வார்க்" என்ற பெயரும் உண்டு என்று விக்கிப்பீடியாவில் சேர்த்தார். செய்தித்தாள்கள் அதை எடுத்து எழுதின, நூல் ஒன்றிலும் ஏறியது. பிறகு விக்கிப்பீடியா தன் கூற்றுக்கு ஆதாரமாக அந்த வெளியீடுகளையே சுட்டியது. இன்று அந்தப் பெயரைப் பலர் உண்மையாகவே பயன்படுத்துவதால், அதைப் பொய் என்று சொல்வதா கூடாதா என்பதே சிக்கலாகிவிட்டது.

வகுப்பறை எழுதியது:

நீங்கள் மூவரும் பிழை என்பது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்வது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எந்தத் தொடர்பும் இல்லாமல் ஒவ்வொரு தலையிலும் தனித்தனியாக முளைக்கும் பிழைகளும் உண்டு. என் தொழிலில் நான் அன்றாடம் சந்திப்பது அவற்றைத்தான்.

கோடையும் குளிரும் ஏன் வருகின்றன என்று மாணவர்களைக் கேளுங்கள். பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை, விலகும்போது குளிர் என்பார்கள். 1987இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளன்று பட்டதாரிகள், பழைய மாணவர்கள், பேராசிரியர்கள் என 23 பேரிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்டார்கள். சரியான விளக்கம் தர முடியாதவர்கள் 21 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தொலைவைத்தான் காரணமாகச் சொன்னார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். மிக விலகி, 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். பூமியின் வட பாதிக்கு அது கோடையின் நடுப்பகுதி. உண்மைக் காரணம் அச்சின் 23.4 பாகைச் சாய்வு.

இந்தத் தவறான விளக்கத்தை எந்த ஆசிரியரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை, எந்த வதந்தியும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. நெருப்புக்கு அருகே போனால் சுடும் என்ற அனுபவத்திலிருந்து ஒவ்வொருவரும் தாமாகவே ஊகித்துக்கொள்கிறார்கள். வளைந்த குழாய்க்குள்ளிருந்து வெளியேறும் பந்து தொடர்ந்து வளைந்தே செல்லும் என்று பலர் எண்ணுவதும் இப்படித்தான். 1980ஆம் ஆண்டளவில் மெக்லாஸ்கி என்ற உளவியலாளர் இதைச் சோதித்தபோது, கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களிலும் சிலர் வளைகோட்டையே வரைந்தார்கள். அவருக்கு முன்போ பின்போ "பந்து வளைந்து செல்லும்" என்று எவரும் எங்கும் பரப்பியதில்லை.

ஆகவே ஒரு பிழை எங்கும் காணப்படுகிறது என்பதாலேயே அது பரவியது என்று சொல்லிவிட முடியாது. பரவிய பிழைக்கு முதல் ஊற்று எங்கோ இருக்கும். முளைத்த பிழைக்கு ஊற்றுகள் மனிதத் தலைகளின் எண்ணிக்கை அளவுக்கு இருக்கும். முன்னதை வாயை அடைத்துத் தடுக்கலாம், பின்னதை அப்படித் தடுக்க முடியாது.

நெறியாளர் எழுதியது:

குறிப்பிட்ட ஓர் அரசியல் கட்சியின் ஆதரவாளர்களை அறியாமைக்கு எடுத்துக்காட்டாக வைத்து எழுதப்பட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இழையின் பொருளை விட்டு விலகாமல் தொடருங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

பிழை பரவுவதைப் பற்றியே பேசுகிறோம். அறிவு பரவி, நிலைபெற்று, பிறகு அழிந்துபோவதும் உண்டு. கடல்சார் வரலாற்றில் ஆர்வமுள்ளவன் என்ற முறையில் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

நீண்ட கடற்பயணங்களில் ஈறுகள் அழுகி, பழைய புண்கள் மீண்டும் திறந்து, மாலுமிகள் மாண்டுபோனார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற 12 பேரைத் தேர்ந்து, இருவர் இருவராக ஆறு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் லெமனும் தின்ற இருவர் சில நாட்களிலேயே தேறினார்கள். 1753இல் அவர் நூல் வெளியிட்டார். ஆனால் பிரிட்டிஷ் கடற்படை லெமன் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். 40 ஆண்டு தாமதத்திற்கு அதிகாரிகளின் மந்தத்தை மட்டும் குறைசொல்வது வழக்கம். லிண்டே தம் சோதனையின் பொருளை முழுதாக உணரவில்லை என்பதே அதைவிட முக்கியம். ஸ்கர்விக்கு ஈரம், செரிமானக் கோளாறு எனப் பல காரணங்களை அவர் நம்பினார். சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்துச் சேமிக்கலாம் என்றும் பரிந்துரைத்தார். வெப்பம் அதிலிருந்த வைட்டமினைப் பெரிதும் அழித்துவிடும் என்று அறிய அன்று வழியில்லை.

எப்படியோ 1795க்குப் பிறகு நோய் மறைந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் பாடநூலுக்கு உகந்ததாக இருந்திருக்கும். 1860களில் கடற்படை மத்தியதரைக்கடல் பகுதியின் லெமனை விட்டுவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளின் லைம் பழத்திற்கு மாறியது. புளிப்புதான் மருந்து என்று நம்பியவர்களுக்கு, இன்னும் புளிப்பான பழம் இன்னும் நல்லதாகவே தோன்றியிருக்கும். உண்மையில் லைம் சாற்றில் வைட்டமின் சி மிகக் குறைவு, அதைச் சேமித்துவைத்த முறையில் எஞ்சியதும் கரைந்துபோனது. ஆயினும் எவருக்கும் நோய் வரவில்லை. ஏனென்றால் அதற்குள் நீராவிக் கப்பல்கள் வந்து பயணங்கள் குறுகிவிட்டன. நோய் முற்றுவதற்கு முன்பே மாலுமிகள் துறைமுகத்தை அடைந்து புத்துணவு உண்டார்கள். பயனற்ற மருந்து பயனுள்ளதாகவே காட்சியளித்தது.

1875இல் ஆர்க்டிக் பகுதிக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் பயணக் குழு லைம் சாற்றோடு சென்றும் ஸ்கர்வியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவு, சாறு தவறானது என்பதல்ல. புளிப்புப் பழக் கோட்பாடே தவறு என்று முடிவு செய்தார்கள். கெட்டுப்போன இறைச்சியில் உருவாகும் நச்சே காரணம் என்ற புதிய கருத்து, நுண்ணுயிரியலின் செல்வாக்கு ஓங்கிய அந்தக் காலத்தில் மிக நவீனமாகத் தோன்றியது. 1907இல் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் ஆகியோர் கினிப் பன்றிகளில் ஸ்கர்வியை உண்டாக்கிக் காட்டிய பிறகுதான் பாதை மீண்டும் திறந்தது. 1932ஆம் ஆண்டளவில் வைட்டமின் சி அடையாளம் காணப்பட்டது.

ஒரு பேரரசின் கடற்படை, எழுத்துப்பூர்வமான விதிகளோடு, எல்லா அதிகாரிகளும் அறிந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் வெற்றிகரமாகப் பயன்படுத்திய அறிவு இது. பரவாததால் அது அழியவில்லை, பரவிய நிலையிலேயே உள்ளே உளுத்துப்போனது. "என்ன செய்ய வேண்டும்" என்பது கைமாறியது, "ஏன்" என்பது எவரிடமும் இல்லை. அதைவிட, தவறு செய்தால் காட்டிக்கொடுக்கும் நீண்ட பயணம் என்ற சோதனை சத்தமில்லாமல் நீங்கிவிட்டது.

மாறிலி எழுதியது:

உப்புக்காற்று அவர்களின் கடைசி வரியை இழையின் நடுவில் வைக்க விரும்புகிறேன். அறிவும் பிழையும் ஒரே சாலையில்தான் பயணம் செய்கின்றன. அந்தச் சாலையில் எங்காவது சோதனைச் சாவடி இருக்கிறதா என்பதே வேறுபாடு. பெருஞ்சுவர் பற்றிய நம்பிக்கைக்குச் சாவடி இல்லை. அதை நம்பியதால் எவருடைய வேலையும் கெடுவதில்லை.

சாவடி உள்ள இடங்களில் பரவல் மெதுவாகவும் வேறு விதமாகவும் நடக்கிறது. ரயன், கிராஸ் ஆகிய இரு சமூகவியலாளர்கள் 1943இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் அயோவா மாநில உழவர்களிடையே கலப்பின மக்காச்சோள விதை பரவியதைப் பற்றியது. 1928க்கும் 1941க்கும் இடையில் ஏறத்தாழ அனைவரும் அதற்கு மாறிவிட்டார்கள். விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது பெரும்பாலும் விற்பனையாளர் மூலம். விதைக்கத் துணிந்ததோ அண்டை நிலத்துக்காரரைப் பார்த்து. கேள்விப்பட்டதற்கும் விதைத்ததற்கும் இடையே பல ஆண்டுகள் ஓடின. துணிந்தவர்களும் முதல் ஆண்டில் நிலத்தின் ஒரு சிறு பகுதியில் மட்டுமே விதைத்துப் பார்த்தார்கள். செய்தியை அறிவதற்கு ஒரு வாய் போதும், வாழ்வை அதன்மேல் வைப்பதற்குப் பல கண்கள் தேவை.

இதையே டேமன் சென்டோலா 2010இல் இணையவழிச் சோதனையாகச் செய்துபார்த்தார். உடல்நலம் தொடர்பான ஒரு தளத்தில் சேர்வதே பரவ வேண்டிய பழக்கம். உறுப்பினர்களின் தொடர்புகள் தற்செயலாக அமைந்த வலைப்பின்னல்களில் அது 38 விழுக்காட்டினரைச் சென்றடைந்தது. ஒருவரின் நண்பர்கள் ஒருவருக்கொருவர் நண்பர்களாகவும் இருந்த நெருக்கமான பின்னல்களில் 54 விழுக்காட்டினரை எட்டியது. வெறும் செய்தி தூரத்து அறிமுகங்கள் வழியாக விரைந்து பாயும். நடத்தையை மாற்ற வேண்டிய அறிவுக்கோ ஒரே செய்தியைப் பல பக்கங்களிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு துணுக்கு ஒரே நாளில் உலகைச் சுற்றிவருவதற்கும், கை கழுவும் பழக்கம் பதியத் தலைமுறைகள் ஆவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஐயப்பாடு எழுதியது:

இவ்வளவு படித்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனிதர்கள் நம்ப விரும்புவதை நம்புகிறார்கள். சான்றைக் காட்டித் திருத்த முயன்றால் பழைய நம்பிக்கையை முன்னிலும் இறுகப் பிடித்துக்கொள்வார்கள் என்று ஆய்வே சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, பரவலின் இயக்கவியலை ஆராய்ந்து என்ன பயன்?

வகுப்பறை எழுதியது:

ஐயப்பாடு அவர்களே, நீங்கள் குறிப்பிடுவது நைஹன், ரைஃப்லர் ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு என்று நினைக்கிறேன். ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருந்தன என்று நம்பிய சிலர், திருத்தத்தைப் படித்த பிறகு அதை இன்னும் உறுதியாக நம்பினார்கள் என்பது அதன் ஒரு முடிவு. இந்த முடிவு காட்டுத்தீயாகப் பரவியது. பின்னர் வுட், போர்ட்டர் ஆகியோர் 52 பொருள்களில், 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். திருத்தம் எதிர்விளைவை உண்டாக்கியதற்கு ஏறக்குறைய எங்கும் சான்று இல்லை. பெரும்பாலோர் சரியான தகவலை நோக்கிச் சற்றேனும் நகர்ந்தார்கள். முதல் ஆய்வைச் செய்தவர்களும் எதிர்விளைவு அரிதானது என்பதைப் பின்னர் ஏற்றுக்கொண்டார்கள். "திருத்தினால் முற்றும்" என்ற நம்பிக்கையே இந்த இழைக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

திருத்தம் வேலை செய்கிறது என்பதால் பழைய பிழை துடைத்தெறியப்படுகிறது என்று பொருளல்ல. 1994இல் ஜான்சன், சைஃபர்ட் ஆகியோர் ஒரு கிடங்குத் தீ விபத்தைப் பற்றிய செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கக் கொடுத்தார்கள். அலமாரியில் எண்ணெய்ச் சாயமும் எரிவாயு உருளைகளும் இருந்தன என்று முதலில் ஒரு செய்தி வந்தது. பிறகு அந்த அலமாரி வெறுமையாக இருந்தது என்று திருத்தம் வந்தது. திருத்தத்தை நினைவில் வைத்திருந்தவர்களும், கரும்புகை ஏன் எழுந்தது என்று கேட்டால், இல்லாத சாயத்தையே காரணமாகச் சொன்னார்கள். தீவைப்புக்கான தடயங்கள் கிடைத்தன என்று வேறொரு காரணம் தரப்பட்டபோதுதான் சாயம் விடைகளிலிருந்து பெருமளவு மறைந்தது.

திரும்பத் திரும்பக் கேட்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ ஆகியோர் மாணவர்களுக்கு இரண்டு வார இடைவெளிகளில் மூன்று முறை, உண்மையும் பொய்யும் கலந்த கூற்றுகளைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். திரும்ப வந்த கூற்றுகள், உண்மையானாலும் பொய்யானாலும், ஒவ்வொரு முறையும் கூடுதலாக நம்பப்பட்டன. சரியான விடை தெரிந்தவர்களிடமும் இந்த விளைவு ஓரளவு உண்டு என்று ஃபாசியோவும் உடனாய்வாளர்களும் 2015இல் காட்டினார்கள். ஆகவே வகுப்பில் நான் பிழையான கூற்றைத் தலைப்பாக எழுதிவிட்டு அடியில் "தவறு" என்று குறிப்பதில்லை. அச்சின் சாய்வை முதலில் சொல்கிறேன். தொலைவே காரணம் என்று பலர் நினைப்பதை ஒரே ஒரு முறை குறிப்பிடுகிறேன். அப்படியானால் பூமியின் இரு பாதிகளிலும் ஒரே நேரத்தில் கோடை வர வேண்டுமே என்று கேட்டுவிட்டு, மீண்டும் சாய்வுக்கு வந்துவிடுகிறேன்.

நூலடுக்கு எழுதியது:

பரவிய பிழை, முளைத்த பிழை என்பவற்றோடு காலாவதியான உண்மையையும் சேர்க்க வேண்டும். கேப்மைண்டர் அமைப்பு 2017இல் 14 நாடுகளில் சுமார் 12,000 பேரிடம், முந்தைய 20 ஆண்டுகளில் உலகில் கடும் வறுமையில் வாழ்வோரின் பங்கு என்ன ஆனது என்று கேட்டது. ஏறத்தாழ இரட்டிப்பானது, மாறவில்லை, ஏறத்தாழ பாதியானது என்று மூன்றே விடைகள். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்திருந்தாலும் மூன்றில் ஒரு பங்கினர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். பாதியானது என்ற சரியான விடையைச் சொன்னவர்கள் 7 விழுக்காட்டினர். பலர் தாங்கள் பள்ளியில் படித்த காலத்து உலகத்தையே இன்றும் மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். மெதுவான முன்னேற்றம் ஒருநாளும் தலைப்புச் செய்தியாவதில்லை என்பது இன்னொன்று.

ஐயப்பாடு எழுதியது:

எதிர்விளைவு பற்றிய விளக்கத்தைக் குறித்துக்கொண்டேன். ஆனால் மாறிலி அவர்களின் சோதனைச் சாவடிக் கருத்துக்கு ஒரு தடை எழுப்புகிறேன். நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரங்களில் புளிப்பும் உப்பும் என்று நாக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்த படத்தை எல்லோரும் பாடநூலில் பார்த்திருக்கிறோம். 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கண்டது, பகுதிக்குப் பகுதி உணர்திறனில் இருந்த சிறு வேறுபாடுகளை மட்டுமே. 1942இல் போரிங் என்ற உளவியலாளர் தம் நூலில் அதைத் தெளிவான அளவுகோல் இல்லாத வரைபடமாக வெளியிட, சிறு வேறுபாடு முழு வேறுபாடாகப் படிக்கப்பட்டது. 1974இல் வர்ஜினியா காலிங்ஸ் மீண்டும் சோதித்து, எல்லாச் சுவைகளும் எல்லாப் பகுதிகளிலும் உணரப்படுகின்றன, வேறுபாடு மிகச் சிறியது என்று காட்டினார். பிறகும் படம் நீங்கவில்லை.

இந்தப் பிழையைச் சோதிக்கக் கப்பல் வேண்டாம், விண்கலம் வேண்டாம். ஒரு துளி உப்புநீரை நுனிநாக்கில் வைத்தால் போதும். சோதனைச் சாவடி ஒவ்வொருவர் வாயிலும் இருந்தும் பிழை பல பத்தாண்டுகள் கடந்து வந்ததே, எப்படி?

மாறிலி எழுதியது:

சரியான தடை. என் கூற்றைக் கூர்மையாக்க இது உதவுகிறது. விரும்பினால் செய்யக்கூடிய சோதனைக்கும், விரும்பாவிட்டாலும் கடந்தாக வேண்டிய சோதனைக்கும் வேறுபாடு உண்டு. நாக்குப் படத்தை நம்புபவருக்கு உணவின் சுவை ஒரு சிறிதும் குறையாது, ஆகவே சோதிக்க அவருக்குத் தூண்டுதல் இல்லை. சில வகுப்பறைகளில் அதைச் செய்முறையாகவே நடத்தியதும் உண்டு. அங்கே படத்தோடு பொருந்தாத விடையை உணர்ந்த மாணவர், படத்தை ஐயப்படுவதைவிடத் தன் நாக்கை ஐயப்படுவது எளிது. உழவர் தம் நிலத்தில் விளைந்ததை அப்படி ஐயப்பட முடியாது.

உப்புக்காற்று எழுதியது:

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது: பிழையை வைத்திருப்பவர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்பவர் இன்னொருவர் என்றால் என்ன ஆகும்? கப்பலில் லைம் சாற்றைத் தேர்ந்தெடுத்த அலுவலர்களுக்கு ஈறு அழுகவில்லை.

இரைப்பைப் புண் இதற்கு நம் காலத்து எடுத்துக்காட்டு. மன அழுத்தமும் மிகை அமிலமும்தான் காரணம் என்பது நெடுங்காலம் மருத்துவர்களின் கருத்தாகவும் மக்களின் கருத்தாகவும் இருந்தது. 1982இல் ராபின் வாரன், பேரி மார்ஷல் ஆகிய ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இருவர் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைத் தொடர்புபடுத்தினார்கள். 1984இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, இந்தப் பாக்டீரியா உள்ள புண் நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தர வேண்டும் என்று பரிந்துரைத்தது 1994இல். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2005இல்.

இங்கே பழைய கருத்து ஒவ்வொரு நோயாளியிடமும் சோதனைக்கு உள்ளானது, அச்சோதனையில் தோற்கவும் செய்தது. ஆனால் தோற்றதுபோலத் தெரியவில்லை. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் வலியை நன்றாகவே போக்கின, புண்ணும் ஆறியது. மருந்தை நிறுத்தியதும் பலருக்குப் புண் திரும்பி வந்தது. திரும்பி வருவதை மருத்துவம் கோட்பாட்டின் தோல்வியாகக் கணக்கிடவில்லை, அந்நோயின் இயல்பு என்றே எழுதிவைத்தது. நோயாளியும் அப்படியே நம்பி, தம் பதற்றத்தையும் உணவுப் பழக்கத்தையும் குறைசொல்லிக்கொண்டார். மார்ஷல் குடித்துக்காட்டியது பாக்டீரியா இரைப்பை அழற்சியை உண்டாக்கும் என்பதைத்தான். புண்ணைப் பற்றிய வழக்கைத் தீர்த்தவை அதன்பின் வந்த சிகிச்சைச் சோதனைகள். அவற்றில் பாக்டீரியாவை முற்றிலும் அழித்தபோது, திரும்பி வருவதே இயல்பு என்று எழுதப்பட்டிருந்த புண், பெரும்பாலோருக்குத் திரும்பி வரவில்லை.